கொங்குப் புனைவுகளில் காட்டறிவு: கூளமாதாரி, சோளகர் தொட்டி, யானை டாக்டர் ஆகியவற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நெருப்பு மூட்டுதல், தடம் அறிதல், உண்ணத்தக்க கிழங்கையும் கனியையும் தேர்தல், திறந்தவெளியில் இரவைக் கழித்தல் முதலிய காட்டுவாழ் திறன்கள் இன்று நகரத்தாருக்கான ஓய்வுநேரப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. இத்திறன்களையே அன்றாட வாழ்வாகக் கொண்டோரைக் கொங்கு நிலப் புனைவுகள் எவ்வாறு காட்டுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000), ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) ஆகிய நாவல்களும், ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பில் (2011) இடம்பெற்ற ‘யானை டாக்டர்’ என்னும் கதையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. காட்டறிவை இயற்கையோடு கொண்ட இசைவாக மட்டும் வாசிப்பதும், ஒடுக்குமுறையின் பின்புலமாக மட்டும் வாசிப்பதும் இப்பனுவல்களைக் குறைத்துக் காட்டுகின்றன. அறிவு யாரிடம் இருக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது, தவறினால் என்ன விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு இவற்றை அணுகவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: காட்டறிவு, கொங்கு நாவல், திணைக் கோட்பாடு, பண்ணையம், சோளகர், சூழலியல் திறனாய்வு

முன்னுரை

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் நடைபெற்ற ஒருநாள் இயற்கை முகாம் ஒன்றில் இக்கட்டுரையாளர் பங்கேற்க நேர்ந்தது. பயிற்றுநர் தீக்கல்லையும் எஃகையும் உரசி நெருப்பு உண்டாக்கக் கற்பித்தார். முந்தைய நாள் மழையில் சுள்ளிகள் நனைந்திருந்தமையால் பங்கேற்றோர் நெடுநேரம் முயன்றும் பற்றவில்லை; சிரிப்பும் ஆரவாரமுமாக அவ்வேளை கழிந்தது. நண்பகல் உணவு சமைக்க வந்திருந்த பழங்குடிப் பெண் ஒருவர் சற்றுத் தள்ளி அதே ஈர விறகைப் பிளந்து, உலர்ந்த உட்புறத்தைச் சீவியெடுத்து, அடுப்பை எரியவிட்டிருந்தார். அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இக்கட்டுரையாளரும் கேட்கவில்லை.

அந்நிகழ்ச்சி எழுப்பிய வினாவே இவ்வாய்வின் தொடக்கம். ஒரே செயல் ஓரிடத்தில் பயிற்சியாகவும் மற்றோரிடத்தில் வேலையாகவும் பெயர் பெறுகிறது. முன்னதைக் கற்கக் கட்டணம் செலுத்துகிறோம். பின்னதற்குக் கூலி கொடுக்கிறோம். இவ்வேறுபாடு புதியதன்று. 1908ஆம் ஆண்டு பேடன் பவல் எழுதிய சாரணர் நூல் தடம் பார்த்தல், ஒளிந்து நோக்கல், திறந்தவெளியில் தங்குதல் ஆகியவற்றைச் சிறுவர்க்குரிய பயிற்சியாக்கியது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஆங்கிலேயப் படை பெற்ற ஒற்றறியும் அனுபவம் அந்நூலின் அடித்தளம். குடியேற்ற நாடுகளின் மக்கள் பிழைப்புக்காகக் கொண்டிருந்த அறிவு, ஆளும் நாட்டு இளைஞரின் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் கருவியாக அங்கு இடம் மாறியது. அறிவு இடம்பெயர்ந்தது, அறிவுடையோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். தமிழ்ப் புனைவு இவ்விடப்பெயர்ச்சியின் மறுபக்கத்தை, அதாவது இருந்த இடத்திலேயே இருந்தோரின் பக்கத்தை, எவ்வாறு எழுதியுள்ளது என்பதைக் காண்பதே நோக்கம்.

காடு என்னும் சொல்

கொங்கு வழக்கில் ‘காடு’ என்பது மரம் அடர்ந்த வனத்தை மட்டும் குறிப்பதில்லை. மழையை நம்பிப் பயிரிடும் மேட்டுநிலமே காடு. கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம்; நெல் விளைவது வயல்; எஞ்சியது காடு. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் மேய்ச்சலுக்கென விடப்பட்ட நிலத்தைக் கொறங்காடு என்பர். கிளுவைப் போத்துகளை நட்டு வளர்த்த உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், அவற்றின் கீழே கொழுக்கட்டைப் புல் என்பது அதன் அமைப்பு. மனிதர் கைபடாத இயற்கை என்று இதில் எதுவும் இல்லை. வேலியும் மரமும் புல்லும் தலைமுறைகளின் உழைப்பால் நிலைபெற்றவை.

இந்நிலத்தில் ஆடு மேய்ப்போர்க்கு வேண்டிய அறிவு நுட்பமானது. வெள்வேலங்காய் முற்றும் பருவம், தொரட்டியால் எந்தக் கிளையை எவ்வளவு வளைக்கலாம் என்னும் அளவு, அறுவடை முடிந்த காடுகளில் எதில் எப்போது ஆட்டை விடலாம் என்னும் கணக்கு ஆகியன அதன் பகுதிகள். இளஞ்சோளப் பயிரையோ நீரின்றி வாடிய சோளத்தையோ கால்நடை மேய்ந்தால் நஞ்சேறி இறக்கக்கூடும் என்பது மேய்ப்பவர் ஒருகணமும் மறக்கக்கூடாத செய்தி. இவ்வறிவைப் பள்ளி கற்பிப்பதில்லை. மூத்தோர் பின்னால் நடந்தும் அடிபட்டும் பெறுவதாகும். எனவே கொங்குப் புனைவில் காட்டறிவைப் பற்றிப் பேசும்போது, வனத்தையும் மேட்டுநிலத்தையும் ஒருங்கே கருதவேண்டும். காட்டறிவு என்பதை மலைவாழ் பழங்குடியினர்க்கு மட்டும் உரியதாக ஒதுக்கினால், சமவெளியில் பண்ணையத்தில் கட்டுண்டோரின் அறிவு கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

திணைக்குப் புறத்தே நிற்போர்

தமிழில் நிலமும் மாந்தரும் பற்றிய ஆய்வுகள் இயல்பாகவே திணைக் கோட்பாட்டை நாடுகின்றன. முதல், கரு, உரி என்னும் பகுப்பு நிலத்தையும் பொழுதையும் உயிர்களையும் மாந்தர் உணர்வையும் ஒரே சட்டகத்துள் இணைப்பதால், சூழலியல் திறனாய்வுக்கு அது உகந்த கருவியாகக் கொள்ளப்படுகிறது. அவ்வழியில் கூளமாதாரியை முல்லையின் தொடர்ச்சியாகவும் சோளகர் தொட்டியைக் குறிஞ்சியின் தொடர்ச்சியாகவும் காண்பது எளிது. ஆடு, மேய்ச்சல் நிலம், மாலை, காத்திருப்பு என முல்லைக்குரிய கூறுகள் முன்னதில் நிறைந்துள்ளன. தேனும் தினையும் மலைத்தெய்வமும் போலக் குறிஞ்சிக்குரியவை பின்னதன் உலகிற்கு அயலானவை அல்ல.

இவ்வாசிப்பில் ஓர் இடர் உண்டு. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே வைப்பது தொல்காப்பிய அகத்திணையியல். அவர்கள் கைக்கிளை பெருந்திணைகளுக்கு உரியர் என உரையாசிரியர்கள் விளக்குவர். பிறர் ஏவலின்படி இயங்குவோர்க்குத் தம் பொழுது தம்முடையதன்று ஆதலின், நிலமும் பொழுதும் உணர்வும் இசையும் ஒழுக்கம் அவர்க்கு முழுமையாக வாய்க்காது என்பது இவ்விதிக்கு நாம் காணத்தக்க ஒரு காரணம். விதியின் நோக்கம் சமூகப் படிநிலையைக் காப்பதாக இருக்கலாம். ஆயினும் அது ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: நிலத்தோடு இசைந்து வாழ்தல் என்பது உரிமை சார்ந்த ஒன்று. ஆகவே பண்ணையத்துச் சிறுவனை முல்லை மாந்தனாக வாசிப்போர், அவனை அத்திணையிலிருந்து விலக்கிவைத்த இலக்கணத்தைக் கவனியாது கடக்கின்றனர். அவனைத் திணைக்குள் சேர்ப்பதைவிட, புறத்தே நிறுத்தியதால் அவன் அறிவு எவ்வடிவம் பெற்றது எனக் கேட்பதே பயனுடையது.

கூளமாதாரி: அறிவும் பண்ணையமும்

கூளையன் ஆண்டுக் கூலிக்குக் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் விடப்பட்ட சக்கிலியச் சிறுவன். நெடும்பன், வவுறி, செவிடி முதலிய அவன் நண்பர்களும் அதே நிலையினர். இப்பெயர்கள் அனைத்தும் உடற்குறிகளால் ஆனவை. குள்ளம், உயரம், வயிறு, செவி என உடலின் ஓர் உறுப்போ குறையோ பெயராகிறது. நாவலின் களமாகிய திருச்செங்கோட்டுப் பகுதி மேட்டுநிலத்தில் இவர்களின் பகற்பொழுது முழுவதும் ஆடுகளோடு கழிகிறது. பெருமாள்முருகன் அதே ஆண்டில் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யையும் வெளியிட்டவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மேய்ச்சல், பட்டி, பனை, கிணறு சார்ந்த சொற்களை அவர் நாவலில் அழகுக்காகச் சேர்க்கவில்லை. அச்சொற்கள் இல்லாமல் அச்சிறுவர்களின் வேலையை விளக்க இயலாது என்பதனாலேயே அவை வருகின்றன.

இந்நாவலில் திறந்தவெளி மகிழ்ச்சிக்குரியது. வீட்டுக் கட்டுத்தரையில் கூளையன் ஏவலுக்குக் காத்திருப்பவன். காட்டில் அவன் தானாக முடிவெடுப்பவன். எங்கே மேய்ப்பது, எப்போது நீர் காட்டுவது, எந்த ஆட்டின் குணம் எது என்பவற்றில் அவனே அறிந்தவன். விளையாட்டும் நட்பும் பகிர்ந்துண்ணலும் அங்கேதான் நிகழ்கின்றன. இம்மகிழ்ச்சி பொய்யானது என்று சொல்ல நாவல் இடம் தரவில்லை. ஆனால் அம்மகிழ்ச்சிக்குரிய இடம் ஆண்டையின் நிலம், ஆடுகள் ஆண்டையுடையவை, பொழுதும் அவருடையதே. ஆடு தொலைந்தால் அடி அவனுக்கு. தேங்காய் திருடியதற்காகக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படும் காட்சி இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் கட்டுகிறது. கிணறு அவன் நன்கறிந்த இடம். நீந்தி விளையாடும் இடம். அறிந்த இடமே தண்டனைக்குரிய இடமாக மாறுகிறது. ஆண்டையின் மகன் செல்வனோடு கிணற்று நீரில் நிகழும் இறுதி வரையிலும் இவ்விரட்டைத்தன்மை நீங்குவதில்லை. நிலத்தை நெருக்கமாக அறிந்திருத்தல் அவனுக்கு விடுதலையைத் தரவில்லை. விடுதலை எப்படியிருக்கும் என்பதை மட்டும் நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது.

இந்நாவலை வ. கீதா 2004இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆங்கிலத் தலைப்பு பனையின் பருவங்கள் என்று பொருள்படும். தமிழ்த் தலைப்பில் இருப்பது ஒரு பட்டப்பெயரும் ஒரு சாதிப்பெயரும். வெளிநாட்டு வாசகர்க்குச் சாதிப்பெயர் பொருள்படாது என்னும் நடைமுறைக் காரணம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் தலைப்பு மாந்தனிலிருந்து மரத்திற்கு மாறும்போது நாவலின் முகப்பிலிருந்து சமூக உறவு விலகி, இயற்கை முன்வந்து நிற்கிறது. காட்டறிவைப் பற்றிய வாசிப்புகள் பலவற்றிலும் நிகழ்வது இதுவே என்பதால் இம்மாற்றம் ஓர் எடுத்துக்காட்டாகிறது.

சோளகர் தொட்டி: அறிவே சான்றாகும் நிலை

கொங்கின் வடமேற்கு எல்லையில் சத்தியமங்கலம் மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழும் சோளகரின் குடியிருப்பைத் தொட்டி என்பர். அதன் தலைவர் கொத்தல்லி. பாலமுருகனின் நாவல் இரு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் பேதன், அவன் மகன் சிவண்ணா முதலியோரின் வழியாகத் தொட்டியின் வாழ்வு விரிகிறது. காடு அங்கே உணவும் மருந்தும் தெய்வமும் உறவும் ஆகும். அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் காட்டில் நடக்கையிலேயே கைமாறுகிறது. கூளமாதாரியோடு ஒப்பிட ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: இங்கு அறிவைக் கற்பிப்போரும் பயன்படுத்துவோரும் ஒரே குடியினர். நிலமும் தம்முடையது என்னும் உணர்வு அவர்களுக்கு உண்டு. அவ்வுணர்வுக்குச் சட்டச் சான்று இல்லாமையால் வெளியாரின் சூழ்ச்சியில் நிலம் பறிபோகிறது.

இரண்டாம் பகுதி, வீரப்பனைத் தேடும் நடவடிக்கையில் சிறப்பு அதிரடிப்படையினர் நிகழ்த்திய கொடுமைகளைச் சொல்கிறது. மாதியும் அவள் மகள் சித்தியும் அனுபவிக்கும் சித்திரவதைகள் தமிழ் நாவல் எழுதிய மிகக் கடுமையான பக்கங்களுள் அடங்கும். இப்பகுதியைப் பெரும்பாலும் மனித உரிமை ஆவணமாகவே வாசிக்கிறோம். அவ்வாசிப்புக்கு வலுவான காரணம் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் வழங்க உத்தரவிட்டது. ஆயினும் இரு பகுதிகளையும் காட்டறிவு என்னும் இழையால் இணைத்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. முதற்பகுதியில் எது திறமையோ, அதுவே இரண்டாம் பகுதியில் குற்றச்சான்று. காட்டுவழி தெரிந்தவன் வழிகாட்டியாக இருந்திருக்கக்கூடும். காட்டில் உயிர்பிழைக்கத் தெரிந்தவள் மறைந்திருப்போர்க்கு உணவளித்திருக்கக்கூடும். ராகியைச் சுமந்து செல்வதும் தேனெடுக்கச் செல்வதும் ஐயத்துக்குரியனவாகின்றன. தெரியாது என்று சொன்னால் நம்ப மறுக்கும் அதிகாரத்தின் முன், அறிவை மறுப்பதற்கும் வழியில்லை. முதற்பகுதியின் விரிவான இயற்கைச் சித்திரிப்பு வெறும் முன்னுரை என்றும் வேகத்தைக் குறைக்கிறது என்றும் கருத இடமுண்டு. அச்சித்திரிப்பு இல்லையெனில் பின்னர்ப் பறிக்கப்படுவது எது என்பதை வாசகர் அறிய இயலாது என்பதே அதற்குரிய விடை.

சட்டத்தின் போக்கையும் இங்குக் கருதலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் வேட்டை குற்றமாயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் மீதான உரிமையோடு, பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் ஏற்றது. சத்தியமங்கலம் 2008இல் வன உயிரினச் சரணாலயமாகவும் 2013இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நாவல் வெளிவந்த பின் நிகழ்ந்தவை இவை. மரபறிவை உரிமை என எழுதிய சட்டமும், அவ்வறிவு செயற்படும் நிலத்துக்குள் நுழைவதை வரையறுக்கும் அறிவிப்புகளும் ஒரே காலத்தில் வந்தன. நாவல் காட்டும் முரண் இன்றும் தீரவில்லை என்பதற்கு இது போதிய குறிப்பு.

யானை டாக்டர்: விரும்பிச் சென்றவரின் அறிவு

மேற்கண்ட இரு நாவல்களின் மாந்தர்க்கும் காடு பிறப்பால் வாய்த்தது. ஆனைமலையின் டாப்சிலிப்பைக் களமாகக் கொண்ட ‘யானை டாக்டர்’ கதை, பணியின் பொருட்டுக் காட்டுக்கு வந்து அதை நேசித்தவரைப் பற்றியது. கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி என்னும் உண்மையான ஆளுமையை மையமாகக் கொண்ட இக்கதையை ஒரு வன அதிகாரி சொல்கிறார். செந்தட்டி தீண்டிய வலியை எதிர்க்காமல் கவனிக்கக் கற்றுத்தரும் இடமும், அழுகிய யானையுடலின் புழுக்களை அருவருப்பின்றிக் காணச் சொல்லும் இடமும், காட்டறிவை ஒரு மனப்பயிற்சியாக முன்வைக்கின்றன. நகர வாசகர் இக்கதையில் தம்மைக் காண்பது எளிது. இன்றைய முகாம்கள் தேடும் அனுபவத்தின் மிக உயர்ந்த வடிவம் இதுவே எனலாம்.

கதை அத்தகைய வாசகரை எச்சரிக்கவும் செய்கிறது. காட்டைக் கண்டு மகிழ வந்தோர் உடைத்தெறிந்த மதுப்புட்டி யானையின் காலைத் துளைக்கிறது. இயற்கையை நாடி வருவோரே அதன் புண்ணுக்குக் காரணராகின்றனர். இத்துணைக் கூர்மையான கதையில் யானைப்பாகர்களும் உதவியாளர்களும் விளிம்பிலேயே நிற்கின்றனர் என்பது திறனாய்வாளர் சுட்டவேண்டிய குறை. ஆனைமலையின் கோழிக்கமுத்தி முகாமில் யானைகளைப் பேணி வருவோர் பெரும்பாலும் மலசர். மருத்துவரின் அறிவுக்குப் பின்னே அவர்களின் அறிவும் இருந்திருக்கவேண்டும். கதை மருத்துவருக்குப் பத்மஸ்ரீ கிடைக்காத வருத்தத்தை நமக்குள் ஆழமாக எழுப்புகிறது. விருதுப் பட்டியலில் பெயர் எழுதப்படும் வாய்ப்பே இல்லாதோர் அக்காட்டில் இருந்தனர் என்னும் எண்ணத்தை அது எழுப்பவில்லை.

ஒப்பீடும் ஒரு மறுப்பும்

மூன்று பனுவல்களையும் பிழையின் விலை கொண்டு ஒப்பிடலாம். முகாமில் நெருப்பு பற்றாவிட்டால் சிரிப்பு. யானை டாக்டரில் உலகம் அங்கீகரிக்காவிட்டால் மனவருத்தம். அதையும் மருத்துவர் பொருட்படுத்துவதில்லை. கூளமாதாரியில் ஓர் ஆடு தவறினால் அடி. சோளகர் தொட்டியில் பிழையே வேண்டியதில்லை. அறிந்திருத்தலே போதும், உடல் சிதையும். கீழே செல்லச் செல்ல அறிவு உயிருக்கு இன்றியமையாததாகிறது. உரிமையோ குறைந்துகொண்டே வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நகர இளைஞர் காட்டுவாழ் திறன்களைக் கற்க விரும்புவதில் தீங்கென்ன? இயற்கையிலிருந்து விலகிய தலைமுறை மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைத் திறனாய்வாளர் ஏன் குறைகூற வேண்டும்? இம்மறுப்பு நியாயமானது. கூளையனின் மகிழ்ச்சி உண்மையானால் முகாமில் பங்கேற்போரின் மகிழ்ச்சியும் உண்மையே. கற்றலைத் தடுக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. யாரிடமிருந்து கற்கிறோம் என்பதைப் பெயர் சொல்லி ஏற்கும் கடமை கற்போர்க்கு உண்டு என்பதே வாதம். அதுபோலவே, ஒடுக்கப்பட்டோர் நாவல்களைத் துன்பத்தின் பட்டியலாக மட்டும் வாசிக்கும் ஆய்வாளரும் தம் முறையை மறுபரிசீலனை செய்யவேண்டும். கூளையனின் திறமையையும் சிவண்ணாவின் திறமையையும் விட்டுவிட்டு அவர்களின் துயரை மட்டும் எடுத்துக்கொள்வது, அவர்களை அறிவற்ற உடல்களாகக் காண்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

கொங்கு வழக்கில் காடு என்பது உழைக்கும் இடம். அப்பொருளை மறவாது வாசிக்கும்போது கூளமாதாரியும் சோளகர் தொட்டியும் இயற்கை எழுத்து, தலித் எழுத்து, பழங்குடி எழுத்து என்னும் தனித்தனிப் பெட்டிகளிலிருந்து வெளிவந்து, அறிவு வரலாற்றின் பனுவல்களாக ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. யானை டாக்டரும் அவ்வரிசையில் வைக்கப்படும்போது அதன் வலிமையோடு அதன் மௌனமும் தெளிவாகிறது. அடியோரையும் வினைவலரையும் புறத்தே நிறுத்திய இலக்கணம் மிகப் பழமையுடையது. அவர்களின் அறிவை உள்ளே கொண்டுவந்தவை இந்நாவல்கள். கொங்குப் புனைவுகளில் வரும் மேய்ச்சல், வேட்டை, தேனெடுத்தல், பனைத்தொழில் சார்ந்த சொற்களையும் செயல்முறைகளையும் தொகுத்து, அவற்றை இன்றும் கையாள்வோரிடம் நேரில் கேட்டு ஒப்பிடும் கள ஆய்வு அடுத்து மேற்கொள்ளத்தக்கது. ஈர விறகை எரியவைத்தவரிடம் அன்று கேட்கத் தவறிய வினாவை அவ்வாய்விலேனும் கேட்கவேண்டும்.